குரானா வைத்த குறி

ஜீன்களின் மொழியைப் படித்து நோபல் பரிசு பெற்றவர், பிறகு கண்ணுக்குள் இருக்கும் ஒரு புரோட்டீனைத் தேடிப் போனார். படத்தில் சிக்காத அதன் அசைவை ரசாயனக் குறிகள் காட்டிக்கொடுத்தன.

ஹர் கோவிந்த் குரானா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1968ஆம் ஆண்டின் நோபல் பரிசு. பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ராய்ப்பூர் என்ற சின்னக் கிராமத்துப் பட்வாரியின் மகன்; இங்கிலாந்தில் படித்துவிட்டு 1949இல் இந்தியா திரும்பியும் தகுந்த வேலை கிடைக்காமல் மறுபடி வெளிநாடு போனவர்; ஜீன்களில் மூன்று மூன்று எழுத்துகளாக எழுதப்பட்டிருக்கும் சேதியைப் படித்துக் காட்டிய மூவரில் ஒருவர். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இத்துடன் கதையை முடித்துவிடுகின்றன. பரிசு வாங்கியபோது குரானாவுக்கு வயது 46. 2011 நவம்பரில் அவர் இறந்தபோது வயது 89. நடுவில் இருந்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்?

புகழை உட்கார்ந்து அனுபவித்துக்கொண்டிருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். 1970இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு (எம்.ஐ.டி.) மாறிய குரானா, செயற்கையாக ஒரு ஜீனையே உருவாக்கிக் காட்டினார். அது முடிந்த கையோடு, எழுபதுகளின் நடுவில், தான் கொடிகட்டிப் பறந்த துறையை விட்டு விலகினார். போய்ச் சேர்ந்த இடம் உயிர் வேதியியலில் பலரும் ஒதுங்கிப்போகும் மூலை: செல் சவ்வில் புதைந்து கிடக்கும் புரோட்டீன்கள்.

ஒதுங்கக் காரணம் இருந்தது. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு, இரண்டு அடுக்குக் கொழுப்பு. அதைக் குறுக்காகத் துளைத்துக்கொண்டு நிற்கும் புரோட்டீன்கள்தான் வெளியிலிருந்து உணவை உள்ளே எடுக்கின்றன, கழிவை வெளியே தள்ளுகின்றன, ஹார்மோன்கள் கொண்டுவரும் சேதியை உள்ளே சொல்கின்றன. உயிரினங்களின் ஜீன்களில் சுமார் நான்கில் ஒரு பங்கு இந்த வகைப் புரோட்டீன்களைச் செய்வதற்கானது. ஆனால் இவற்றின் வடிவத்தைப் பார்ப்பது பெரும் பாடு. ஒரு புரோட்டீனைப் படம் பிடிக்க வேண்டுமானால் அதைக் கற்கண்டு போலப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் காட்ட வேண்டும். தண்ணீரில் கரையும் புரோட்டீன்கள் இதற்கு ஓரளவு இணங்கும். சவ்வுப் புரோட்டீனோ கொழுப்பிலிருந்து வெளியே எடுத்ததுமே சுருண்டு பாழாகிவிடும். சோப்பு போன்ற பொருளைத் தடவித்தான் அதைத் தாஜா செய்ய வேண்டும். முதல் சவ்வுப் புரோட்டீனின் படிகப் படம் 1985இல்தான் வெளிவந்தது. அதைச் செய்த மூன்று ஜெர்மானியர்களுக்கு மூன்றே ஆண்டுகளில் நோபல் பரிசு கிடைத்தது என்பதிலிருந்தே வேலையின் கஷ்டம் தெரியும்.

படம் கிடைக்காதபோது துப்பறிவதைத் தவிர வேறு வழியில்லை. துப்புக்கு உதவியது, சலவைக்காரர் துணியின் ஓரத்தில் போடுவாரே, அதைப் போன்ற ஒரு குறி. ஒரு ரசாயனத்தைப் புரோட்டீனின் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டவிடுவது. அது எங்கே ஒட்டியது, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்து வடிவத்தை ஊகிப்பது.

யுக்தி எளியது. கேம்பிரிட்ஜில் மார்க் பிரெட்ஷர் 1971இல் செய்த பரிசோதனையைப் பாருங்கள். கதவு சாத்திய வீட்டுக்கு வெள்ளையடித்தால் வெளிச்சுவர் மட்டும்தான் வெளுக்கும். கதவைத் திறந்துவிட்டால் உட்சுவருக்கும் அடிக்கலாம். சவ்வைக் கடக்க முடியாத, கதிரியக்கம் கொண்ட ஒரு ரசாயனத்தை அவர் முழு ரத்தச் சிவப்பணுக்களின் மீது ஒரு முறையும், உடைத்து உள்ளே வழி திறந்த சிவப்பணுக்களின் மீது இன்னொரு முறையும் பூசினார். குறிப்பிட்ட புரோட்டீன்களில், முதல் முறை குறி விழாத பகுதிகளில் இரண்டாம் முறை குறி விழுந்தது. அப்படியானால் அவற்றின் ஒரு முனை வெளியிலும் மறுமுனை உள்ளேயும் இருக்க வேண்டும். புரோட்டீன் சவ்வை ஊடுருவி நிற்கிறது என்பதற்கு இது ஆரம்பகாலச் சான்றுகளில் ஒன்று.

இதைவிடத் தந்திரமானது 1965இல் ஹார்வர்டில் ஃபாக்ஸும் கென்னடியும் செய்தது. பால் சர்க்கரையை உள்ளே இழுக்கும் பாக்டீரியாப் புரோட்டீனை அவர்கள் தேடினார்கள். ஹோலியன்று கூட்டத்தில் ஒருவரை மட்டும் போர்வையால் மூடிவிட்டு எல்லோர் மீதும் நீலச் சாயம் ஊற்றி, பிறகு போர்வையை உருவிவிட்டுச் சிவப்புச் சாயம் ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாயம் ஏறிய உடம்பில் இன்னொன்று ஏறாது என்றால், சிவப்பாக நிற்பவர்தான் நமது ஆள். இங்கே போர்வை, சர்க்கரை போன்ற ஒரு பொருள். சாயம், என்-எத்தில் மேலிமைடு என்ற ரசாயனம். முதலில் சாதாரணமானது, பிறகு கதிரியக்கம் ஏற்றியது. ஆள் அகப்பட்டார்.

இந்த ரசாயனம் ஒட்டுவது பெரும்பாலும் சிஸ்டீன் என்ற ஒரே அமினோ அமிலத்தில். புரோட்டீன்கள் இருபது வகை அமினோ அமில மணிகளைக் கோத்த மாலைகள். அவற்றில் சிஸ்டீனின் கந்தக முனை மட்டும் எதையாவது பற்றிக்கொள்ளத் துடிப்பது. ஜீனை விருப்பம் போல மாற்றும் வித்தை எண்பதுகளில் கைவந்ததும், இந்தத் துடிப்பை விஞ்ஞானிகள் பயன்படுத்திக்கொண்டார்கள். புரோட்டீனில் இயல்பாக இருக்கும் சிஸ்டீன்களை எடுத்துவிட வேண்டும். பிறகு தமக்கு வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்றைப் பொருத்த வேண்டும். குறி அங்கேதான் விழும். கலிபோர்னியாவில் ரொனால்டு கபாக் பால் சர்க்கரைப் புரோட்டீனின் 417 அமினோ அமிலங்களில் ஏறக்குறைய ஒவ்வொன்றையும் இப்படி மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தனி ஜீன், தனி பாக்டீரியா, தனிப் பரிசோதனை. அசுரப் பொறுமை வேண்டிய வேலை.

குரானாவிடம் அந்தப் பொறுமையும் இருந்தது, ஜீனைக் கட்டும் கைத்திறனும் இருந்தது. அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு புரோட்டீன்கள். ஒன்று, உப்பளங்களில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ஊதா நிற பாக்டீரியோரோடாப்சின். மற்றது, நம் கண் இருட்டில் பார்க்கக் காரணமான ரோடாப்சின். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டிருப்பது ரோடாப்சின். அந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வருவது இதனால்தான். வெளிச்சம் பட்டதும் ரெட்டினாலின் வளைவு நிமிரும். உடனே ரோடாப்சின், செல்லுக்குள்ளே காத்திருக்கும் டிரான்ஸ்டியூசின் என்ற இன்னொரு புரோட்டீனைத் தட்டி எழுப்பும். பார்வை அங்கே தொடங்குகிறது. சவ்வின் நடுவில் நிமிரும் ஒரு சின்ன மூலக்கூறு, சவ்வுக்கு அப்பால் இருக்கும் புரோட்டீனை எப்படி எழுப்புகிறது? இதுதான் கேள்வி.

மாட்டின் ரோடாப்சினுக்கான ஜீனை 1986இல் குரானாவின் குழு செயற்கையாகவே கட்டியது. ரயில் பெட்டிகளைக் கழற்றி வேறு பெட்டி மாட்டுவது போல, வேண்டிய துண்டை மட்டும் வெட்டி மாற்றுவதற்கு வசதியாக அது வடிவமைக்கப்பட்டிருந்தது. மாற்றிய ஜீனைக் குரங்கின் சிறுநீரக செல்களில் செலுத்தி, அவை செய்துதரும் புரோட்டீனைப் பிரித்தெடுத்துக்கொள்ளலாம். 348 அமினோ அமிலங்களில் எதை வேண்டுமானாலும் சிஸ்டீனாக்கலாம்.

குறியைப் படிக்கத் தெரிந்த கூட்டாளி மறு கரையில் இருந்தார். லாஸ் ஏஞ்சலீசில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வேய்ன் ஹப்பல் பயன்படுத்திய குறியில் ஜோடியில்லாத ஒற்றை எலெக்ட்ரான் உண்டு. காந்தப்புலத்தில் வைத்து மைக்ரோ அலையைச் செலுத்தினால் அந்த எலெக்ட்ரான் பேசும். தான் தாராளமாக ஆடிக்கொண்டிருக்கிறதா, நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறதா, பக்கத்தில் இருப்பது கொழுப்பா தண்ணீரா என்றெல்லாம் சொல்லிவிடும். இரண்டு குறிகளை வைத்தால் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்றும் கணக்கிடலாம்.

1990இல் இருவரும் முதலில் கைவைத்தது பாக்டீரியோரோடாப்சினில். 125ஆம் அமினோ அமிலத்திலிருந்து 142 வரை வரிசையாக ஒவ்வொன்றையும் சிஸ்டீனாக மாற்றி, பதினெட்டு வகைப் புரோட்டீன்கள் செய்து, ஒவ்வொன்றிலும் குறி வைத்தார்கள். கொழுப்பில் எளிதாகக் கரையும் ஆக்சிஜன் எந்தக் குறியை எவ்வளவு முட்டுகிறது என்று அளந்தார்கள். அளவு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, 3.6 அமினோ அமிலத்துக்கு ஒரு சுற்று. சுருள் படிக்கட்டு வடிவிலான ஆல்ஃபா ஹெலிக்ஸின் கணக்கு அது. கண்ணால் பார்க்காமலே ஒரு சுருளின் எந்தப் பக்கம் கொழுப்பை நோக்கியிருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது.

அடுத்து ரோடாப்சின். வெளிச்சம் பட்டால் மாறிவிடும் பொருள் என்பதால் எல்லா வேலையும் மங்கிய சிவப்பு விளக்கில்தான். ரோடாப்சினில் ஏழு சுருள்கள் சவ்வைக் குறுக்காகக் கடக்கின்றன. மூன்றாம் சுருளின் உட்புற முனையில், 139ஆம் இடத்தில், ஒரு குறி. ஆறாம் சுருளின் முனையில் 247 முதல் 252 வரை ஒவ்வொரு இடமாக இரண்டாவது குறி. இருட்டில் தூரத்தை அளந்தார்கள், பிறகு வெளிச்சம் காட்டி அளந்தார்கள். ஆறாம் சுருள் மூன்றாம் சுருளை விட்டு வெளிப்புறமாக விலகியிருந்தது. அவர்களது கணக்கில் சுமார் 8 ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாக வகுத்தால் வரும் பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்.

விலகுவது வேறு, அந்த விலகல்தான் சேதியைச் சொல்கிறது என்பது வேறு. அதையும் ஒரு ரசாயன வித்தையால் சோதித்தார்கள். இரண்டு சிஸ்டீன்களும் அருகருகே இருந்தால் அவற்றின் கந்தக முனைகளைக் கோத்து முடிச்சுப் போட்டுவிடலாம். முடிச்சுப் போட்ட ரோடாப்சினுக்கு எவ்வளவு வெளிச்சம் காட்டியும் டிரான்ஸ்டியூசின் எழவில்லை. முடிச்சை அவிழ்த்ததும் எழுந்தது. 1996 நவம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான இந்தக் கட்டுரையில், பார்வையின் சாவி ஆறாம் சுருளின் கையில் இருப்பது தெளிவானது. குரானாவிடம் பயிற்சி பெற்ற தாமஸ் சாக்மரும் அவரது கூட்டாளிகளும் அதே ஆண்டு, முடிச்சுக்குப் பதிலாகத் துத்தநாக அயனியால் சுருள்களைக் கட்டிப்போட்டு, இதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

அப்போது ரோடாப்சினின் படிகப் படம் எதுவும் கிடையாது. 2000இல் முதல் படம் வந்தது; அதுவும் இருட்டில் உறங்கும் ரோடாப்சின். ஆறாம் சுருள் வெளியே சாய்ந்திருக்கும் படிகப் படம் வர 2008 ஆயிற்று. சாய்வு ஆறேழு ஆங்ஸ்ட்ராம். தூரத்தை இன்னும் துல்லியமாக அளக்கும் முறையை அதற்குள் கைக்கொண்டிருந்த ஹப்பல் அதே ஆண்டு சொன்ன கணக்கு 5. பழைய எட்டு கொஞ்சம் கூடுதல்தான். குறி என்பதே ஒரு சின்னக் காம்பின் நுனியில் ஆடுவது. தூரத்தில் அந்த அளவுக்குப் பிசகும். எந்தச் சுருள், எந்தத் திசை என்பதில் மட்டும் பிசகவில்லை. ஒரு நல்ல படம் தர வேண்டியதைக் குறிகள் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே தந்துவிட்டன.

இதில் பணமும் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ரோடாப்சின் ஒரு பெரிய குடும்பத்தின் உறுப்பினர். மனித உடம்பில் அதன் உறவினர்கள் சுமார் 800. எல்லாருக்கும் அதே ஏழு சுருள்கள். ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சும் சால்புடமால், ரத்த அழுத்தத்துக்கான அடெனலால், மூக்கொழுகலுக்கு விழுங்கும் செட்டிரிசின், தாங்க முடியாத வலிக்கான மார்ஃபின் எல்லாமே இந்தக் குடும்பத்தின் ஏதோ ஓர் உறுப்பினரைத்தான் தொடுகின்றன. புழக்கத்தில் இருக்கும் மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த வகை. ஸ்டான்ஃபோர்டில் பிரையன் கோபில்கா, சால்புடமாலைப் பிடிக்கும் புரோட்டீனில் தொண்ணூறுகளிலேயே ஒளிரும் குறிகளை ஒட்டி அதன் அசைவைக் கவனித்துக்கொண்டிருந்தார். செயலில் இருக்கும் அந்தப் புரோட்டீனின் படத்தை 2011இல் அவர் வெளியிட்டபோது, ஆறாம் சுருள் 14 ஆங்ஸ்ட்ராம் வெளியே போயிருந்தது. மறு ஆண்டு அவருக்கும் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் நோபல் பரிசு.

குறியும் படமும் ஒத்துப்போனால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. மோதிக்கொண்டால்? அறிவியல் உலகம் படத்தின் பக்கம்தான் சாய்ந்தது என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு.

கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி சாங், 2001இல் எம்எஸ்பிஏ என்ற பாக்டீரியாப் புரோட்டீனின் படிகப் படத்தை வெளியிட்டார். இதன் மனித உறவினரான பி-கிளைகோபுரோட்டீன், புற்றுநோய் மருந்துகளை செல்லிலிருந்து வெளியே துப்பி, சிகிச்சையைத் தோற்கடிப்பது. எனவே படத்துக்கு ஏக வரவேற்பு. முன்னூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் அதை மேற்கோள் காட்டின. ஆனால் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் கிளார்க்கின் குழு பி-கிளைகோபுரோட்டீனில் சிஸ்டீன்களைப் பொருத்தி முடிச்சுப் போட்டுப் பார்த்தபோது வேறு சித்திரம் கிடைத்தது. செல்லின் எரிபொருளான ஏடிபியைப் பிடிக்கும் இரண்டு பாகங்களும் நெருங்கி நிற்பதாக முடிச்சுகள் சொல்லின. படத்திலோ அவை எட்டாத தூரத்தில் இருந்தன. படத்தோடு ஒத்துப்போகாத முடிவுகளைப் பத்திரிகைகள் ஏற்கும்படி செய்யத் தான் பட்ட பாட்டை கிளார்க் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார்.

2006இல் விஷயம் உடைந்தது. சுவிட்சர்லாந்தில் காஸ்பர் லோக்கரின் குழு இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரோட்டீனின் படத்தை வெளியிட்டது. அது சாங்கின் படத்துக்கு நேர்மாறாக இருந்தது. சாங் தன் கணக்குகளைத் தோண்டிப் பார்த்தார். அவரது பரிசோதனைக்கூடத்தில் புழங்கிய ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் இரண்டு பத்தி எண்களை இடம் மாற்றிவிட்டிருந்தது. விளைவு, கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல வலது இடதாகிப்போன ஒரு படம். இதையும் சேர்த்து ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை அவர் வாபஸ் பெற்றார். இதில் மோசடி எதுவும் இல்லை. தவறு தெரிந்ததும் தாமாகவே அறிவித்தது பாராட்டப்பட வேண்டியதுதான். ஆனாலும் ஐந்து ஆண்டுகள் போயின. அந்த ஐந்து ஆண்டுகளும் கையில் இருந்த ரசாயனச் சான்றுகள் ஓரமாக உட்கார வைக்கப்பட்டிருந்தன.

படிகமே தேவைப்படாத உறைகுளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தாயிற்று. அதற்கு 2017இல் நோபல். அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் வடிவத்தை ஊகித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டும் வந்தாயிற்று. அதற்கு 2024இல் நோபல். இனி குறி எதற்கு என்று கேட்கலாம். ஆல்ஃபாஃபோல்டு பொதுவாகத் தருவது ஒரு நிலைப் படம். மருந்து ஒட்டும்போது ஆறாம் சுருள் எத்தனை நேரம் உள்ளே, எத்தனை நேரம் வெளியே, அரைகுறை மருந்து கொடுத்தால் எங்கே நிற்கிறது என்பவை புகைப்படத்தில் தெரிவதில்லை. அதற்கு ஹப்பலின் எலெக்ட்ரான் குறிகளும் கோபில்காவின் ஒளிரும் குறிகளும் இன்றும் வேண்டியிருக்கின்றன.

குரானாவுக்கு வேலை கொடுக்காத நாட்டிலும் இந்தப் பாதையில் ஆட்கள் இருக்கிறார்கள். ஹைதராபாதின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் அமிதாப சட்டோபாத்யாய, ஒளிரும் மூலக்கூறுகளைச் சவ்விலேயே செருகிவைத்து அது எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்தவர். 2001இல் பட்நாகர் பரிசு பெற்றவர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் அருண் சுக்லாவுக்கு 2021இல் அதே பரிசு. லெஃப்கோவிட்ஸின் பரிசோதனைக்கூடத்தில் இருந்தபோது சுக்லா முதல் ஆசிரியராக 2014இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சால்புடமாலைப் பிடிக்கும் அதே புரோட்டீனோடு, அதை அடக்கும் அரெஸ்டின் என்ற புரோட்டீன் எப்படிப் பிணைகிறது என்பது விஷயம். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கிடைத்த படம் மங்கலானது. இரண்டும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று அதிலிருந்து மட்டும் சொல்ல முடியவில்லை. ரசாயன முடிச்சுகளைப் போட்டு, அவை விழுந்த இடங்களை வைத்தே மங்கலான படத்துக்குள் இரண்டு புரோட்டீன்களையும் பொருத்தினார்கள்.